ஜாமீன் போட்டவரே கதவை உடைத்தபோது: லக்சம்பர்க்கின் நிரந்தர நடுநிலை, 1867–1948

எதைப் பற்றிய ஆய்வு

வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு தொடர் நினைவிருக்கலாம்: "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு." பெரும்பாலும் அதைப் படிக்காமலேதான் கையெழுத்துப் போடுகிறோம். அதிலிருந்து "தனித்தனியாகவும்" என்பதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? லக்சம்பர்க் என்ற சின்ன நாட்டுக்கு மிஞ்சியது எதுவென்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

நாட்டின் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். மேற்கே பெல்ஜியம், தெற்கே பிரான்ஸ், கிழக்கே ஜெர்மனி. 1867-ல் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி இதை நிரந்தர நடுநிலை நாடாக அறிவித்தன. 1914-ல் அந்த நடுநிலை உடைந்தது, 1940-ல் மறுபடி உடைந்தது. 1948-ல் நாடே அதைத் தன் அரசியலமைப்பிலிருந்து அடித்துவிட்டது. லக்சம்பர்க் தரப்பில் முடிவெடுத்தவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். அந்த நாற்காலியில் வேறு யார் இருந்திருந்தாலும் கையில் இருந்த சீட்டுகள் அவைதான்.

பின்னணி: கோட்டையில் யார்?

1815-ல் வியன்னா மாநாடு லக்சம்பர்க்குக்குக் கொடுத்த அமைப்பைப் படித்தால் இன்றும் தலை சுற்றும். ஆட்சி நெதர்லாந்து மன்னரிடம். ஆனால் இங்கே அவர் மன்னர் அல்ல, கிராண்ட் டியூக், அதாவது பெருங்கோமகன். நாடு ஜெர்மன் கூட்டமைப்பில் உறுப்பினர். தலைநகரின் பெரிய கோட்டையிலோ, ஜெர்மன் அரசுகளில் வலிமையான பிரஷ்யாவின் படை. ஆக, ஆள்பவர் ஒருவர், காவல் இருப்பவர் இன்னொருவர்.

1830-ல் பெல்ஜியம் நெதர்லாந்திடமிருந்து பிரிந்தது. அந்தக் கணக்கை முடிக்க 1839 ஏப்ரல் 19-ல் லண்டனில் எழுதிய ஒப்பந்தம் லக்சம்பர்க்கின் மேற்குப் பகுதியைப் பெல்ஜியத்துக்குக் கொடுத்துவிட்டது. பரப்பில் பாதிக்கு மேல் போயிற்று. அதே ஒப்பந்தம் பெல்ஜியத்தை நிரந்தர நடுநிலை நாடாகவும் ஆக்கியது. இது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

1842-ல் லக்சம்பர்க், ஸோல்ஃபெரைன் எனப்பட்ட ஜெர்மன் சுங்கக் கூட்டணியில் சேர்ந்தது. தனியாகச் சந்தை நடத்த முடியாத நாட்டுக்கு அது இயல்பான முடிவு. அன்று யாரும் அதைப் பாதுகாப்பு விஷயமாகப் பார்க்கவில்லை.

1866-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதின, ஜெர்மன் கூட்டமைப்பு கலைந்தது. கூட்டமைப்பே இல்லை என்றால் அதன் பெயரால் கோட்டையில் இருக்கும் படைக்கு அங்கே என்ன வேலை? சட்டப்படி பதில் எளிது. ஆனால் படை நகரவில்லை. இந்த நேரம் பார்த்துப் பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் லக்சம்பர்க்கை விலைக்குக் கேட்டார். பேசிய தொகை 50 லட்சம் கில்டர் (நெதர்லாந்து நாணயம்). நெதர்லாந்து மன்னரும் விற்க இணங்கிவிட்டார். 1867 ஏப்ரல் 1-ல் பெர்லினில், வட ஜெர்மன் நாடாளுமன்றத்தில் இது கேள்வியாக எழுந்து ஆவேசமாகப் பேசப்பட்டது. மன்னர் பின்வாங்கினார். அதற்குள் பிரான்சும் பிரஷ்யாவும் போரின் வாசலுக்கு வந்துவிட்டன.

லக்சம்பர்க் மக்களை இதில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1867 மே: லண்டனில் எழுதியது

மே 7-ல் லண்டனில் மாநாடு தொடங்கியது, 11-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அரை நூற்றாண்டுச் சிக்கலை ஐந்து நாளில் முடித்தார்கள். பிரிட்டன், பிரான்ஸ், பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா, இத்தாலி, பெல்ஜியம், அப்புறம் நெதர்லாந்து மன்னரும் லக்சம்பர்க் கோமகனுமான அந்த ஒருவர்: இவர்கள் கையெழுத்திட்டவர்கள்.

சாரம் இதுதான். இரண்டாம் பிரிவு: லக்சம்பர்க் இனி நிரந்தர நடுநிலை நாடு, அந்த நடுநிலை, கையெழுத்திட்ட வல்லரசுகளின் கூட்டு உத்தரவாதத்தின் கீழ் வருகிறது, தானே நடுநிலை நாடாக இருப்பதால் பெல்ஜியத்துக்கு மட்டும் விலக்கு. மூன்றாம் பிரிவு: தலைநகரம் இனி கோட்டை நகரம் அல்ல, உள்நாட்டு ஒழுங்குக்குத் தேவையான அளவு படையைக் கோமகன் வைத்துக்கொள்ளலாம். நான்காம் பிரிவு: பிரஷ்யப் படை வெளியேற வேண்டும். ஐந்தாம் பிரிவு: கோட்டையை இடிக்க வேண்டும், மறுபடி கட்டக் கூடாது.

நடுநிலை நாடு ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பொதுவிதி எதுவும் கிடையாது. 1815-ல் நடுநிலை அங்கீகாரம் பெற்ற சுவிட்சர்லாந்து மலைக்கு மலை அரண் கட்டியது. 1839-க்குப் பிறகு பெல்ஜியமும் கோட்டைகளும் ராணுவமும் வைத்திருந்தது. லக்சம்பர்க்குக்கு மட்டும் நடுநிலையும் ஆயுதக் களைவும் ஒரே பொட்டலமாக வந்தன. காரணம் மறைவானதல்ல. அந்தக் கோட்டை பிரான்சிடம் போனால் பிரஷ்யாவுக்கு ஆகாது, பிரஷ்யாவிடம் இருந்தால் பிரான்சுக்கு ஆகாது. இரண்டு பேருக்கும் ஒத்துவந்த ஒரே தீர்வு, கோட்டையே இல்லாமல் போவது.

ஒப்பந்தம் அன்றைய வேலையைச் செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1867-ல் போர் வரவில்லை. ஆனால் போரைத் தவிர்க்க எழுதிய காகிதமும் ஒரு நாட்டைக் காக்க எழுதிய காகிதமும் ஒன்றுதான் என்று நம்பியதில்தான் பின்னால் வந்த தொல்லைகள் தொடங்கின.

"கூட்டு" என்ற ஒரு சொல்

இந்த ஆய்வின் நடு முடிச்சு இங்கே இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பிரிட்டன் கொண்டுவந்த முதல் வரைவில் உத்தரவாதமே இல்லை. லக்சம்பர்க்கின் நடுநிலையை எல்லோரும் மதிப்போம் என்ற அளவில்தான் இருந்தது. ஐரோப்பிய உத்தரவாதம் இல்லாமல் படையை விலக்க முடியாது என்று பிரஷ்யத் தூதர் பிடிவாதம் பிடித்தார். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஸ்டான்லி பிரபுவுக்கோ இன்னொரு நாட்டுக்காகப் போருக்குப் போகும் கடப்பாட்டில் மாட்டிக்கொள்ள மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் பிறந்த சமரசம்தான் "கூட்டு உத்தரவாதம்".

கையெழுத்தின் மை காய்ந்து சில வாரத்திலேயே, 1867 ஜூனில், ஸ்டான்லி நாடாளுமன்றத்தில் அதற்குப் பொருள் சொன்னார். கூட்டு உத்தரவாதம் என்றால் எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும். ஒருவர் மட்டும் முன்வந்து நிறைவேற்றும் கடமை யாருக்கும் இல்லை. அவருடைய தந்தையும் பிரதமருமான டெர்பி பிரபு, பிரபுக்கள் சபையில் அதையே சொன்னார்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். லக்சம்பர்க்குக்குள் நுழையக்கூடிய நாடுகள் உலகத்திலேயே இரண்டுதான்: பிரான்ஸ், பிரஷ்யா. இரண்டும் உத்தரவாதம் தந்தவை. அவற்றில் ஒன்று நுழைந்துவிட்டால் "எல்லோரும்" என்ற கூட்டம் அந்த நிமிடமே கலைந்துவிடும். கூட்டம் இல்லை என்றால் கடமையும் இல்லை. எந்த ஆபத்துக்காக உத்தரவாதம் எழுதப்பட்டதோ, அந்த ஆபத்து வரும் நொடியில் உத்தரவாதம் தானாகவே அணைந்துபோகும் அமைப்பு இது. பெர்லினில் இந்த விளக்கத்தைக் கேட்டுக் கோபப்பட்டார்கள். லக்சம்பர்க் கோபப்படும் நிலையில் இல்லை.

1839-ன் பெல்ஜிய உத்தரவாதத்தில் இந்தக் "கூட்டு" என்ற சொல் இல்லை. ஒவ்வொரு வல்லரசும் தனித்தனியாகக் கட்டுப்பட்டது என்றே பிரிட்டன் அதைப் படித்தது. 1914-ல், ஒரே வாரத்தில், இந்த வேறுபாடு என்ன செய்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கோட்டையை இடித்த 16 ஆண்டுகள்

பிரஷ்யப் படை 1867 செப்டம்பரில் கிளம்பியது. 1868 அக்டோபரில் வந்த புதிய அரசியலமைப்பு, நாட்டின் நிரந்தர நடுநிலையை முதல் பிரிவிலேயே எழுதிக்கொண்டது. வெளியார் ஒப்பந்தத்தில் விதித்ததை நாடு தன் அடிப்படைச் சட்டமாக ஏற்றது இங்கேதான். இதற்கான விலை 1919-க்குப் பிறகு தெரியவரும்.

இடிக்கும் வேலை 1883 வரை இழுத்தது. மதில், கொத்தளம், வெளி அரண் எல்லாம் போயின. பாறைக்குள் குடைந்த சுரங்க அரண்களை முழுக்கத் தகர்த்தால் மேலே இருக்கும் வீடுகளும் சரியும் என்பதால் பல வாயில்களை மூடியதோடு விட்டுவிட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் நடப்பது அந்த மிச்சத்தில்தான். படைபலம் என்று பார்த்தால், காலப்போக்கில் நாட்டிடம் இருந்தது ஜென்டார்ம் எனப்படும் காவல் படையும் ஒரு தொண்டர் படையும், மொத்தம் சில நூறு பேர்.

முதல் சோதனை: 1870

மூன்றே ஆண்டில் பிரான்சும் பிரஷ்யாவும் போருக்கு இறங்கின. லக்சம்பர்க் எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் தியோன்வில் கோட்டை முற்றுகையில் இருந்தது. அப்போது லக்சம்பர்க்கின் ரயில் பாதையை நடத்தியது ஒரு பிரெஞ்சு நிறுவனம். 1870 செப்டம்பரில் ஒரு இரவு, உணவு ஏற்றிய ரயில் லக்சம்பர்க் பக்கத்திலிருந்து தியோன்வில்லுக்குள் போய்ச் சேர்ந்தது. அப்புறம் மெட்ஸ் நகரம் சரணடைந்தபோது தப்பிய பிரெஞ்சு வீரர்கள் லக்சம்பர்க் வழியாகத் திரும்பிப் பிரான்சுக்குள் போனார்கள்.

டிசம்பர் 3-ல் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கின் குறிப்பு வந்தது. லக்சம்பர்க் தன் நடுநிலையைக் காப்பாற்றவில்லை. எனவே போர் நடவடிக்கைகளில் பிரஷ்யாவும் இனி அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

லக்சம்பர்க் அரசாங்கத் தலைவர் எடுத்த முடிவு: பணியவும் வேண்டாம், முறைத்துக்கொள்ளவும் வேண்டாம், குற்றச்சாட்டுகளுக்கு வரிசையாக எழுத்தில் பதில் தருவோம். பத்துப் பதினோரு நாளில் அந்தப் பதில் போனது. பிரிட்டனும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒருவர் மற்றவர்களைக் கேட்காமல் தானாக விலகிக்கொள்ள முடியாது என்ற நிலையை எடுத்தது. பிஸ்மார்க் மேலே போகவில்லை. போரில் ஏற்கெனவே வென்றுகொண்டிருந்தவருக்கு லக்சம்பர்க் அப்போது தேவைப்படவில்லை என்பதும் காரணம்.

அந்த ஊரில் இதை வெற்றியாகக் கொண்டாடியிருப்பார்கள். எனக்கு இது வெற்றியாகத் தெரியவில்லை. ரயிலை யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் நடுநிலையின் பலவீனம் என்று முதல் சோதனையே காட்டிக்கொடுத்துவிட்டது.

1872: தண்டவாளம் கைமாறியது

1871-ல் ஃபிராங்க்ஃபர்ட் சமாதான ஒப்பந்தத்தில், பிரெஞ்சு நிறுவனத்தின் கையிலிருந்த லக்சம்பர்க் ரயில் உரிமையையும், பிரஷ்யாவின் தலைமையில் அப்போது ஒன்றாகியிருந்த ஜெர்மனி வாங்கிக்கொண்டது. நடத்தப்போவது ஜெர்மனி என்பது முடிவான விஷயம். எந்த நிபந்தனையில் என்பது மட்டும்தான் லக்சம்பர்க் பேசக்கூடிய பொருளாக மிஞ்சியது.

1872 ஜூன் 11 உடன்படிக்கையில் நிபந்தனை எழுதப்பட்டது. படை, ஆயுதம், வெடிமருந்து, போர்த் தளவாடம் எதையும் இந்தப் பாதையில் ஏற்றிச் செல்ல மாட்டோம். ஜெர்மனி போரில் இருக்கும்போது நடுநிலைக்கு முரணான விதத்தில் படைக்கு உணவு அனுப்பவும் பயன்படுத்த மாட்டோம். காகிதத்தில் பார்த்தால் 1870-ல் கற்ற பாடத்தை அப்படியே ஷரத்தாக்கிவிட்டார்கள். நல்ல வரைவுதான்.

ஆனால் அந்த ரயிலில் நிலையத் தலைவர், எஞ்சின் ஓட்டுநர், கால அட்டவணை எல்லாமே ஜெர்மன் அரசு ரயில்வேயின் கட்டுப்பாட்டில். ஷரத்தை மீறக்கூடியவரும் அதைக் கண்காணிக்க வேண்டியவரும் ஒருவரே. நாட்டின் தெற்கில் இரும்புத் தாது ஏராளம். 1879-ல் வந்த தாமஸ் முறை, பாஸ்பரஸ் மிகுந்த அந்தத் தாதுவிலிருந்து எஃகு எடுக்க வழி செய்ததும் ஆலைகள் பெருகின. நிலக்கரி ஜெர்மனியிலிருந்து வந்தது, சந்தை ஜெர்மனியில் இருந்தது. 1913-ல் இந்தச் சின்ன நாடு ஏறத்தாழ 25 லட்சம் டன் வார்ப்பிரும்பு உற்பத்தி செய்தது. சுங்கக் கூட்டணியும் ரயில் உடன்படிக்கையும் 1902-ல் மறுபடி நீட்டிக்கப்பட்டன, 1959 வரை செல்லும் விதமாக. சோறு போடுகிற கை அது. அதை உதறச் சொல்லும் அரசாங்கம் ஒரு வாரம் தாங்காது.

இடையில், 1890-ல் நெதர்லாந்து மன்னர் இறந்தார். லக்சம்பர்க் ஆட்சி நாஸாவ் குடும்பத்துக்குப் போயிற்று. நெதர்லாந்துடனான உறவு அறுந்தது. 1907-ல் ஹேக் உடன்படிக்கை, நடுநிலை நாட்டின் மண்ணை யாரும் மீறக் கூடாது, அதன் வழியே படையை நடத்தக் கூடாது என்று பொதுச் சட்டமாகவே எழுதியது. நடுநிலை நாடு தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதமெடுத்தால் அது பகைச் செயல் ஆகாது என்றும் சொன்னது. ஆயுதமே இல்லாத நாட்டுக்கு அந்த வரி அலங்காரம்தான்.

1914 ஆகஸ்ட் 1, 2

ஆகஸ்ட் 1, சனிக்கிழமை, மாலை ஏழு மணி சுமாருக்கு வடக்கு எல்லையில் உள்ள த்ருவாவியெர்ஜ் ரயில் நிலையத்துக்கு மோட்டார் வண்டிகளில் ஜெர்மன் வீரர்கள் வந்து இறங்கினார்கள். நிலையத்தையும் தந்திக் கருவிகளையும் கைப்பற்றினார்கள், தண்டவாளத்தில் ஒரு பகுதியைப் பெயர்த்தார்கள். நள்ளிரவுக்குள் இன்னொரு குழு வந்து, "தவறு நடந்துவிட்டது" என்று சொல்லி அவர்களைத் திரும்ப அழைத்துப் போனது.

தவறு நடந்த கதை இது. பிரிட்டன் பிரான்சைப் போரிலிருந்து விலக்கி வைக்கலாம் என்பதாக லண்டனிலிருந்து ஒரு தந்தி பெர்லினுக்கு வந்திருந்தது. அதை நம்பிய கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், லக்சம்பர்க்குக்குள் நுழைய நின்ற 16-வது டிவிஷனை நிறுத்தச் சொன்னார். லக்சம்பர்க் ரயில் இல்லாமல் திட்டமே நடக்காது என்று தலைமைத் தளபதி மோல்ட்கே மன்றாடியும் கேட்கவில்லை. நிறுத்தும் உத்தரவு அந்த முதல் குழுவை எட்டுவதற்குள் அது எல்லை தாண்டிவிட்டது. இரவுக்குள் லண்டன் தந்தி வெறும் குழப்பம் என்று தெளிந்தது. உத்தரவு மறுபடி மாறியது.

ஞாயிறு அதிகாலை, ஜெர்மன் எல்லையில் உள்ள வாஸர்பில்லிக், ரெமிஷ் பாலங்கள் வழியாகப் படை வந்தது. வாஸர்பில்லிக்கிலிருந்து தலைநகருக்குப் போகும் தண்டவாளத்தில் கவச ரயில்கள் படையும் வெடிமருந்தும் ஏற்றி வந்தன. 1872 ஷரத்து எதைத் தடுக்க எழுதப்பட்டதோ, வார்த்தைக்கு வார்த்தை அதுவே நடந்தது.

பெர்லின் சொன்ன விளக்கத்தைச் சட்டம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். இது பகைச் செயல் அல்ல. எங்கள் நிர்வாகத்தில் உள்ள ரயில் பாதையைப் பிரெஞ்சுத் தாக்குதலிலிருந்து காக்கும் நடவடிக்கை. சேதத்துக்கு ஈடு தருவோம். நடுநிலைக்குக் காப்பாக எழுதிய ரயில் உடன்படிக்கையே படையெடுப்புக்குச் சாக்காகிவிட்டது. பிரெஞ்சு வீரர் ஒருவர்கூட மண்ணில் இல்லை என்று லக்சம்பர்க் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து ஜெர்மன் சான்சலர் பெத்மன் ஹோல்வேக் தன் நாடாளுமன்றத்திலேயே, லக்சம்பர்க்கில் நுழைந்தது சர்வதேசச் சட்டத்துக்கு முரண் என்று ஒப்புக்கொண்டார். அவசியத்துக்குச் சட்டம் கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

லக்சம்பர்க் அரசாங்கத் தலைவர் அப்போது 25 ஆண்டுக்கு மேல் பதவியில் இருந்தவர். அவர் முடிவு: சுட வேண்டாம், எழுத்தில் எதிர்ப்பு. உத்தரவாத நாடுகளுக்குத் தந்திகள் பறந்தன. நடந்தது 1867 ஒப்பந்தத்துக்கு வெளிப்படையாக முரணானது என்று ஒவ்வொன்றும் சொன்னது. சில நூறு பேரை வைத்துச் சுடுவதில் பயனில்லை என்பது கணக்கு. இதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே ஞாயிறு லண்டனில் பிரெஞ்சுத் தூதர், லக்சம்பர்க் விஷயத்தில் பிரிட்டன் என்ன செய்யும் என்று வெளியுறவு அமைச்சர் கிரேயிடம் கேட்டார். 1867-ல் சொன்ன விளக்கத்தைக் கிரே எடுத்துக் காட்டினார். கூட்டு உத்தரவாதம், தனிக் கடமை இல்லை. ஆகஸ்ட் 4-ல் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது அதே பிரிட்டன் 1839 ஒப்பந்தத்தைக் காட்டிப் போர் அறிவித்தது. பிரிட்டன் போருக்குப் போனதற்கு வேறு கணக்குகளும் இருந்தன, உண்மைதான். ஆனால் சட்டக் காரணம் என்று ஒன்றை எடுத்து வைக்க பெல்ஜியத்தின் காகிதம் இடம் கொடுத்தது. லக்சம்பர்க்கின் காகிதம் கொடுக்கவில்லை.

படையின் கீழ் நடுநிலை, 1914–1918

அரசாங்கம் நாட்டை விட்டுப் போகவில்லை. போர் அறிவிக்கவும் இல்லை. தாங்கள் இன்னும் நடுநிலை நாடு, ஒருவர் அதை மீறியிருக்கிறார், அவ்வளவுதான் என்பது அவர்கள் நிலை. சட்டப்படி இதைத் தவறு என்று சொல்ல முடியாது. நடைமுறையில் ஒவ்வொரு நாளும் அது கரைந்தது.

முதல் வாரத்திலேயே, ஜெர்மன் தரப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் பிரெஞ்சுத் தூதரைக் கிளம்பச் சொல்ல வேண்டியிருந்தது. சில நாளில் பெல்ஜியத் தூதரும் போனார். ஜெர்மன் தூதர் மட்டும் இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மன் தலைமைப் படைமையமே லக்சம்பர்க் நகருக்கு வந்தது. பிரான்சில் மார்ன் போர் நடந்த நாட்களில் மோல்ட்கே உட்கார்ந்திருந்தது இங்கேதான். கைசரும் வந்தார். இளம் கோமகள் அவரை அரண்மனையில் வரவேற்றார். சுங்கக் கூட்டணி தொடர்ந்தது, ஆலைகளின் இரும்பு ஜெர்மனிக்குப் போனது, நேச நாட்டு விமானங்கள் அந்த ஆலைகள் மீது குண்டு போட்டன. அரசாங்கத் தலைவர் 1915 அக்டோபரில் இறந்தார். அவருக்குப் பின் ஒருவராலும் நிலையாக நிற்க முடியவில்லை.

வரவேற்பு மரியாதைக்குச் செய்ததா, பயத்தில் செய்ததா, விரும்பிச் செய்ததா என்ற விவாதம் போருக்குப் பின் வந்தது. பாரிசிலும் பிரஸ்ஸல்சிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். 1919 ஜனவரியில் கோமகள் பதவி விலகித் தங்கையிடம் கொடுத்தார். முடியாட்சியே வேண்டுமா என்பதற்கு அந்த ஆண்டு செப்டம்பர் 28-ல் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 78 சதவீதம் பேர் புதிய கோமகள் பக்கம் நின்றார்கள். மண்ணை இழக்காமல் தப்பியதற்கு இந்த வாக்கெடுப்பும் ஒரு காரணம்.

1919: முடிந்ததா, முடியவில்லையா?

போருக்குப் பின் ஜெர்மனியுடன் செய்த வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தின் 40-வது பிரிவு மூன்று வேலை செய்தது. ரயில் உரிமைகளை ஜெர்மனி கைவிட்டது. சுங்கக் கூட்டணி 1919 ஜனவரி 1 முதல் இல்லை என்று ஏற்றது. லக்சம்பர்க்கின் நடுநிலை ஏற்பாடு முடிவுக்கு வந்ததை ஒப்புக்கொண்டது. ஆஸ்திரியாவுடனான சமாதான ஒப்பந்தத்திலும் இதேபோல ஒரு பிரிவு உண்டு.

சட்டத்தில் ஒரு வேடிக்கை இங்கே. நடுநிலை முடிந்தது என்று எழுதிய காகிதத்தில் லக்சம்பர்க்கின் கையெழுத்தே இல்லை. 1867-ல் கையெழுத்திட்ட ரஷ்யா இதில் இல்லை, நெதர்லாந்தும் இல்லை. முடிவை ஏற்றவர்கள் சிலர், கேட்கப்படாதவர்கள் சிலர். உள்நாட்டிலோ 1868 அரசியலமைப்பின் முதல் பிரிவு "நிரந்தர நடுநிலை" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. 1920 டிசம்பரில் லக்சம்பர்க், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. தன் நடுநிலையைச் சங்கம் மதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை வைத்துப் பார்த்தது. சுவிட்சர்லாந்துக்குக் கிடைத்த சலுகை இதற்குக் கிடைக்கவில்லை. அரசியலமைப்பைத் திருத்துவதாகப் பேச்சு வந்தது. அந்தச் சொல் அப்படியே நின்றது.

பொருளாதாரத்தில் பிரான்சுடன் சேரலாம் என்பதுதான் 1919 வாக்கெடுப்பில் பெரும்பான்மை. பிரான்ஸ் கையை விரித்துவிட்டதால் 1921-ல் பெல்ஜியத்துடன் கூட்டு ஒப்பந்தம் ஆனது. இதுவும் ஓர் அண்டை நாட்டைச் சார்ந்ததுதான், ஆனால் இம்முறை படையெடுக்கக் கூடியவர் அல்லாத அண்டை.

1940: அதே இடம், வேறு முடிவு

1939 செப்டம்பரில் போர் வந்ததும் அரசு நடுநிலையை விடாமல் கடைப்பிடித்தது. நாட்டில் இயங்கிய ரேடியோ லக்சம்பர்க் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது, யாருக்கும் சாக்கு கிடைத்துவிடக் கூடாது என்று. எல்லைப் பாலங்களிலும் சாலைகளிலும் கான்கிரீட் தடுப்பும் இரும்புக் கதவும் போட்டார்கள். பெரும்பகுதி ஜெர்மன் எல்லையில்; நடுநிலை என்பதால் பிரெஞ்சு எல்லையிலும் சில. கதவை இரவில் பூட்டிவைத்தார்கள்.

1940 மே 10 அதிகாலை அந்தக் கதவுகள் தகர்ந்தன. தொண்டர் படை முகாமை விட்டு வெளியே வரவில்லை.

மாறியது ஒன்றுதான். கோமகளும் அமைச்சர்களும் அன்றே நாட்டை விட்டு வெளியேறினார்கள். அன்று எல்லோருக்கும் இது சரியாகப் படவில்லை. மக்களை விட்டுவிட்டு ஓடினார்கள் என்ற மனத்தாங்கல் இருந்தது. ஆனால் 1914-ல் தங்கியிருந்ததன் விலை அவர்களுக்குத் தெரியும். வெளியே போனதால் அரசு என்ற சட்ட உருவம் பிழைத்தது. 1942 ஜனவரி 1-ல், ஜெர்மனி அணிக்கு எதிராகப் போரிட்ட நாடுகள் வெளியிட்ட ஐக்கிய நாடுகள் பிரகடனத்தில் லக்சம்பர்க்கும் கையெழுத்திட்டது. நடுநிலை உண்மையில் முடிந்தது அந்தக் கையெழுத்தில்தான் என்பது என் கருத்து.

நாட்டுக்குள் இருந்தவர்கள் கொடுத்த விலை வேறு. 1942 ஆகஸ்டில் ஜெர்மனி நாட்டை இணைத்து, இளைஞர்களைத் தன் ராணுவத்துக்குக் கட்டாயமாக எடுத்தது. எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்துக்காக 21 பேர் கொல்லப்பட்டார்கள்.

விடுதலைக்குப் பின், 1944 நவம்பரில், அரசு கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. 1867-ன் மூன்றாம் பிரிவு அன்றோடு செத்தது. 1948 மார்ச்சில் மேற்கு ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பாதுகாப்புக்கான பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம். ஏப்ரல் 28-ல் அரசியலமைப்பைத் திருத்தி முதல் பிரிவிலிருந்து நடுநிலையை நீக்கினார்கள். 1949 ஏப்ரலில் நேட்டோவின் நிறுவன உறுப்பினர்.

வேறுவிதமாக எழுதியிருந்தால்

முதலில் உத்தரவாதம். "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று 1867-ல் எழுதியிருந்தால் பிரிட்டன் கையெழுத்தே போட்டிருக்காது என்று வாதிடலாம். இருக்கலாம். அப்படியானால் உத்தரவாதம் இல்லை என்பதாவது வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். 47 ஆண்டு அதை நம்பி இருந்திருக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் ஸ்டான்லி பேசியபோதே லக்சம்பர்க் எழுத்தில் மறுத்திருக்க வேண்டும். 1870-ல் பிஸ்மார்க்குக்கு அப்படி வரிசையாகப் பதில் எழுதத் தெரிந்தவர்கள்தானே.

ஆயுதக் களைவைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. படை வைத்திருந்த பெல்ஜியமும் ஆக்கிரமிக்கப்பட்டது. சில ஆயிரம் பேர் இருந்திருந்தால் ஆகஸ்ட் 2-ல் சில மணி நேரம் தாமதம் ஆகியிருக்கும். அந்தச் சில மணி நேரம் "எதிர்த்தோம்" என்ற பேச்சுரிமையைக் கொடுத்திருக்கும். அதற்காக எத்தனை பேர் சாகலாம் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது.

நடுநிலையை அரசியலமைப்பின் முதல் வரியில் வைத்தது 1868-ல் பெருமையாக இருந்திருக்கும். ஒப்பந்தம் போன பிறகும் 29 ஆண்டு அந்தச் சொல் நின்று, சர்வதேச சங்கத்தில் சேர்ந்த ஒரு நாட்டை நடுநிலையா இல்லையா என்று யாருக்கும் சொல்ல முடியாத நிலையில் வைத்தது. 1955-ல் ஆஸ்திரியா வேறு வழியில் போனது: தன் நடுநிலையைத் தானே ஒரு தனி அரசியலமைப்புச் சட்டமாக இயற்றி மற்ற நாடுகளுக்கு அறிவித்தது, ராணுவத்தையும் வைத்துக்கொண்டது.

மிகவும் உறுத்துவது ரயில்தான். 1872-ல் உடன்படிக்கையே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. ஆனால் மேற்பார்வைக்கு மூன்றாம் நாட்டு ஆள் ஒருவர், மீறினால் ஒப்பந்தம் தானாக ரத்து, நிலையங்களில் சொந்த அதிகாரிகள் என்று ஏதாவது ஒன்றைக் கேட்டிருக்கலாம். 1902-ல் நீட்டிக்கும்போது, தொழில் வளர்ந்து பேரம் பேசக் கொஞ்சம் வலு வந்திருந்தபோதாவது கேட்டிருக்கலாம்.

அதை அவர்களே பிறகு சரிசெய்தார்கள். 1946 மே மாதம் தேசிய ரயில் நிறுவனத்தை அமைத்தபோது 51 சதவீதப் பங்கை லக்சம்பர்க் அரசு வைத்துக்கொண்டது. பெல்ஜியத்துக்கு 24.5, பிரான்சுக்கு 24.5.